கணக்கில் வராத கை

புது இசைத்தட்டு ஒன்று வரப்போகிறது என்று ஒருவர் காதில் விழுந்துவிட்டால் போதும், அது கைக்கு வந்து சேரும்வரை நாலு பேர் அதைப் பற்றியே பேசிப் பேசி மாய்ந்துபோன காலம் அது. 1972ஆம் ஆண்டு, வட இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் நகரத்தின் இலையுதிர் காலம். ஹேசல் ஆர்மராடுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை. பகலெல்லாம் அடுத்தவர் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்துக் கொடுத்துக் காது மரத்துப்போய் வீடு திரும்புவாள். வியாழக்கிழமை வந்துவிட்டால் மட்டும் அந்தக் காதுக்கு எங்கிருந்தோ உயிர் வந்துவிடும்.

வியாழக்கிழமைகளில் உழைப்பாளர் மன்றத்தின் மாடி அறையில் கேட்போர் குழு கூடும். கீழே கூடத்தில் பீரும், எண் கூவிச் சீட்டில் அடிக்கிற பிங்கோ ஆட்டமும். மேலே பதினோரு ஆண்கள், ஒரு ரெக்கார்டு பிளேயர், ஹேசல். அவர்கள் கேட்டதெல்லாம் புரோக்ரெசிவ் ராக். தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு ஓடும். நடுவில் ஆர்கனும் புல்லாங்குழலும் சண்டை போடும். தாளம் நாலில் புறப்பட்டு, ஐந்தில் நொண்டி, ஒன்பதில் போய் உட்காரும். ஊரில் பாதிப் பேருக்கு அது தலைவலி. அந்த அறையில் இருந்தவர்களுக்கோ மில்லையும் மழையையும் மறக்கவைத்தது அதுதான்.

குழு வைத்திருந்த விதிகள் இரண்டு. கொண்டுவருகிற தட்டை யாரும், கொண்டுவருகிறவர் உட்பட, முன்னால் கேட்டிருக்கக் கூடாது. எல்லாரும் சேர்ந்து, வாயைத் திறக்காமல், இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். பிறகு தொண்டை வறளும்வரை சண்டை போடலாம். சண்டை முடிந்ததும், "இன்னொரு தடவை கேட்கணும்னு யாருக்கு ஆசை?" என்று தலைவர் ரோலண்ட் தாக்ரே கேட்பார். பாதிக்கு மேல் கை தூக்கினால் தட்டு அறை அலமாரிக்குள் பூட்டப்பட்டு அடுத்த வாரமும் ஒலிக்கும். இல்லாவிட்டால் அந்த அறையில் அது மறுபடி சுழலாது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் நல்லடக்கம்.

அந்த ஆண்டு மறுபடி கேட்கப்பட்ட தட்டுகளில் பாதி ஹேசல் கண்டுபிடித்தவை. தேநீர் இடைவேளையில் இசைப் பத்திரிகைகளின் மூலை முடுக்கு அறிவிப்புகளைக்கூட விடமாட்டாள். சம்பளம் வந்த சனிக்கிழமை லீட்ஸுக்குப் பேருந்து ஏறிவிடுவாள். ஆனால் அவள் தூக்கும் கை கணக்கில் வராது. மன்றத்தில் பெண்கள் உறுப்பினர் ஆக முடியாது. ஓர் ஆணின் விருந்தாளியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வரலாம், குடிக்கலாம், பிங்கோவில் காசை விடலாம், சாண்ட்விச் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறலாம். ஓட்டு மட்டும் இல்லை. ரோலண்ட் கெட்டவர் அல்ல. அச்சகத்து மேஸ்திரி, மரியாதையான மனிதர். ஆனால் கைகளை எண்ணிக்கொண்டு வரும் அவர் விரல் ஹேசலின் கை வந்ததும் காற்றைத் தாண்டுவதுபோல் தாண்டிவிடும். நாலைந்து வாரம் பார்த்துவிட்டு அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அந்த மன்றத்தை யார் கட்டியது? ஓட்டுரிமைக்கும் கூலிக்கும் தெருவில் நின்று அடிபட்டவர்களின் பேரன்கள் கட்டியது. படிக்கட்டுச் சுவரில் 'எல்லாருக்கும் நீதி' என்று தங்க எழுத்தில் தைத்த சங்கக் கொடி தொங்கியது. அந்தக் கொடிக்குத் துணி நெய்தவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று யாரும் கேட்கவில்லை. நீதிக்கும் விருந்தாளிச் சீட்டு வேண்டியிருந்தது.

அக்டோபரில் ஹேசல் கொண்டுவந்தது 'உப்புக் கடிகாரம்'. கென்ட் பக்கத்துப் பையன்கள் ஐந்து பேர் சேர்ந்த 'மார்ஷ் லான்டர்ன்' குழுவின் முதல் தட்டு. லீட்ஸ் கடையில் கடைசியாக ஒன்றுதான் இருந்தது. கடைக்காரர் வாரம் முழுக்கக் கல்லாவின் பக்கத்தில் போட்டு ஓட்டிக்கொண்டிருந்த பிரதி. அவள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. கிடைத்ததே பெரிது என்று மழைக்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு வந்தாள்.

முதல் பக்கம் சுமார்தான். இரண்டாம் பக்கத்தின் பாதியில் அது நடந்தது. எட்டு எட்டாக ஒழுங்காக நடந்துகொண்டிருந்த கிட்டார் திடீரென்று ஒரு காலை இழந்தது. ஏழு. மறுபடி ஏழு. அதே ஏழு சுரங்கள், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மரக்கட்டையைத் தட்டியதுபோல் ஒரு 'டக்'. மாறவே இல்லை. நிமிடங்கள் போயின. கீழே யாரோ பிங்கோவில் ஜெயித்து "ஹவுஸ்!" என்று கத்த, நாற்காலிகள் தடதடக்க, சரியாக அந்த நொடியில் ஏழு உடைந்து ஆர்கன் அணை திறந்ததுபோல் கொட்டியது. ஹேசலுக்கு முழங்கைவரை மயிர்க்கூச்செறிந்தது.

தட்டு நின்றதும் முதலில் வாய் திறந்தவர் வங்கி எழுத்தர் டெஸ்மண்ட் ஃபர்த்.

"ஒம்போது. அந்த எடம் ஒம்போதுல போகுது. நான் எண்ணிப் பார்த்தேன்."

"பேங்க்ல எண்ணுற மாதிரி எண்ணியிருப்ப," என்றான் பேருந்து நடத்துநர் லயனல் பாரக்ளஃப். ஹேசலுக்கு வாராவாரம் விருந்தாளிக் கையெழுத்துப் போடுபவன் அவன்தான். "உங்க பேங்க்ல எப்பவும் உங்க பக்கம் ரெண்டு கூடத்தானே இருக்கும்."

ரோலண்ட் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற, ஹேசல்?"

"ஏழு, தலைவரே. பாட்டு முழுக்க எட்டு. அந்த எடத்துல மட்டும் ஒண்ணை முழுங்கிட்டாங்க. கடிகாரம்னு பேர் வச்சிருக்காங்கள்ல? கடிகாரம் பழுதாயிடுச்சு. ஒரே நேரத்துலயே மாட்டிக்கிட்டுத் தவிக்குது. அந்த 'டக்' இருக்கே, அது உடைஞ்ச பல்லு."

அறையே அசந்துபோனது. டெஸ்மண்டின் கால்கூட மேசைக்கடியில் ஏழு எண்ணிப் பார்த்தது. கைகள் எல்லாம் மேலே போயின. அப்போதுதான் லயனல் எழுந்தான்.

"நம்ம எல்லாருக்கும் காது இவதான். இவ கையை எண்ணமாட்டோம்னா நமக்கு வெக்கமா இல்லையா? மன்றத்து விதி கீழயோட இருக்கட்டும். இந்த ரூம்ல இவளும் ஒரு ஆளு. ரெண்டு வாரம் கழிச்சு ஓட்டுக்கு விடுவோம்."

அடுத்த வாரம் தட்டு மறுபடி ஒலித்தது. ஏழு வந்தது, நின்றது, நீண்டது. போன தடவையைவிட நீளமாகவே நீண்டது. "ஆகா, ரெண்டாவது தடவை கேட்டாத்தான் இதோட ஆழம் தெரியுது," என்றார் ரோலண்ட், கண்ணை மூடியபடி. டெஸ்மண்ட் தலையாட்டினார். படியிறங்கும்போது லயனல் விரல்விட்டு எண்ணினான்: எட்டுப் பேர் அவள் பக்கம். "தாயே, அடுத்த வியாழன் உன் கை மேல ஏறுது," என்றான்.

ஹேசலின் சந்தோஷம் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டது. அச்சில் வார்த்த தட்டு ஒரு வாரத்தில் எப்படி நீளமாக வளரும்?

சனிக்கிழமை லீட்ஸுக்குப் போனாள். 'உப்புக் கடிகாரம்' புதிதாக நாலைந்து பிரதி வந்திருந்தது. கேட்பதற்கான சின்னக் கூண்டுக்குள் நின்று இரண்டாம் பக்கத்தைப் போடச் சொன்னாள். கிட்டார் எட்டாக வந்தது. எட்டாகவே போனது. ஏழும் இல்லை, டக்கும் இல்லை. அழகாக, ஒழுங்காக, கொஞ்சம் சாதாரணமாகவே போய் ஆர்கனோடு சேர்ந்தது.

அந்தக் கூண்டுக்குள்ளேயே எல்லாம் விளங்கிவிட்டது. கீறல். ஊசி ஒரே வளையத்தில் மாட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறது. கீழே நாற்காலிகள் தடதடத்துத் தரை அதிர்ந்தபோது வெளியே குதித்திருக்கிறது. இரண்டாம் வாரம் பரிசு பெரியது, ஆட்டம் இழுத்தது, ஏழும் இழுத்தது. அவர்களை மெய்சிலிர்க்க வைத்தது கென்ட் பையன்களின் மேதைமை அல்ல, கீழே பிங்கோச் சீட்டில் கடைசி எண்ணை அடித்த யாரோ ஓர் அம்மா.

வீடு திரும்பிய பேருந்தில் லயனல்தான் நடத்துநர். நின்றுகொண்டே அவனிடம் சொன்னாள். அவன் சீட்டுக் கிழிப்பதை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

"யார்கிட்டயும் சொல்லாத. வியாழன் ஓட்டு முடியட்டும். அப்புறம் சொல்லு, எல்லாருமாச் சேர்ந்து சிரிப்போம்."

"அப்ப எண்ணப்போறது என் கையை இல்லய்யா. கீறலோட கையை."

"அம்மா தாயே, அந்த டெஸ்மண்டுக்கு இது போதும். வருஷம் பூரா மெல்லுவான்."

"மெல்லட்டும். பொய்யைச் சொல்லி உள்ள போனா, ஒவ்வொரு தடவை கை தூக்கும்போதும் எனக்கே அது தெரியும்ல?"

"டிக்கெட்டு!" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கத்தினார். "உங்க சங்கீதம் முடிஞ்சா எனக்கு ஒண்ணு குடுப்பா!"

வியாழக்கிழமை ஹேசல் புதுப் பிரதியோடு போனாள். ஓட்டுக்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றாள். சொன்னாள். போட்டும் காட்டினாள். கிட்டார் எட்டாக வந்து எட்டாகவே போனது. கீழே பிங்கோ எண்கள் கூவப்படுவது தெளிவாகக் கேட்டது.

"எனக்கு அப்பவே சந்தேகம்தான்," என்றார் டெஸ்மண்ட்.

"அப்பவேன்னா எப்ப?" என்றான் லயனல். "தலையை ஆட்டிக்கிட்டு இருந்தியே, அப்பவா?"

"ஆடினது நான் மட்டுமா? கடிகாரம், உடைஞ்ச பல்லுன்னு கதை கட்டினது யாரு? இதுக்குத்தான் சொல்றது, பொம்பளைங்களுக்கு இந்தப் பாட்டு—"

"இந்தப் பாட்டு என்ன, சொல்லுங்க," என்றாள் ஹேசல். "நான் ஏமாந்தேன். ஒத்துக்கறேன். உங்ககூடச் சேர்ந்துதான் ஏமாந்தேன். ஆனா போன வாரம் அந்த எடம் நீளமாச்சே, தட்டு எப்படிய்யா வாரத்துக்கு வாரம் வளரும்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டீங்களா? எனக்குத் தூக்கம் வரல. போய்ச் சோதிச்சேன். மறைச்சிருந்தா இந்நேரம் எனக்கு ஓட்டு கிடைச்சிருக்கும். கெடைக்காதுன்னு தெரிஞ்சுதான் இதை எடுத்துக்கிட்டு வந்தேன்."

ரோலண்ட் ஓட்டுக்கு விட்டார். ஆதரவாக ஐந்து கை. எதிர்த்து ஆறு. ஆறாவது ரோலண்டின் கை.

"மன்னிச்சுக்கோம்மா. கீழ கமிட்டிக்குத் தெரிஞ்சா ரூமையே புடுங்கிடுவாங்க," என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே அநியாயம் செய்கிற நல்ல மனிதர்களால்தான் இந்த உலகத்தில் பல அநியாயங்கள் இத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கின்றன. அதுபோன்ற மன்றங்கள் நாடு முழுவதும் பெண்களைச் சரிசமமான உறுப்பினர்களாக ஏற்க இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு வரவேண்டியிருந்தது. அதற்குள் ரோலண்ட் போய்ச் சேர்ந்துவிட்டார், மில்களும் மூடிவிட்டன, அந்தக் கட்டடத்தில் கம்பளம் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஹேசலுக்கு இப்போது எழுபத்தேழு வயது. வெள்ளிக்கிழமைதோறும் உலகத்துப் புதுத் தட்டெல்லாம் கைபேசிக்குள் வந்து குவிந்துவிடுகின்றன. போலந்திலிருந்து, சிலியிலிருந்து, நார்வேயிலிருந்து. மதியச் சாப்பாட்டுக்குள் மூன்றைக் கேட்டுவிடுகிறாள். விட்பி கடற்கரையில் குடியேறிவிட்ட லயனல் மாலையில் கூப்பிடுகிறான். "அந்த நார்வேக்காரங்க கேட்டியா? இருபது நிமிஷத்துல எட்டு நிமிஷம் குப்பை," என்று தொடங்குவான். "எந்த எட்டு நிமிஷம்?" என்று இவள் பிடித்துக்கொள்வாள். இசை குறைந்துவிடவில்லை, நல்லது அன்றைவிட இன்று அதிகம் என்றே அவள் சொல்வாள். மழைக்கோட்டுக்குள் தட்டை அணைத்துக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் பேருந்தில் உட்கார்ந்து வந்த அந்த ஒரு மணி நேரம்தான் எங்கும் வாங்கக் கிடைப்பதில்லை. அதுவும், தோற்ற வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமையும்.

அன்று அவள் மன்றத்துக்குப் போகவில்லை. அடுப்படியில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் வாசலில் மழையில் லயனல், கைகளில் ரெக்கார்டு பிளேயர். பின்னால், அவளுக்காகக் கை தூக்கிய மற்ற நாலு பேர்.

"இது என்னோட சொந்த பிளேயர்," என்றான். "மன்றத்துக்குச் சொந்தம் மேசை மட்டும்தான். அதை வச்சு அவங்க கேட்டுக்கட்டும். வழி விடு, நனையுது."

முன்னறையில் நாற்காலி போதாமல் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்தார்கள். அன்றைக்குத் தட்டு ஹேசலுடையது. பிரிக்காமல் வைத்திருந்த ஓர் இத்தாலியக் குழு. இரண்டு பக்கமும் ஓடியது. பாதியில் அவள் அம்மா சமையலறையிலிருந்து, "இது பாட்டா, இல்ல குழாய் ரிப்பேரா?" என்று கேட்டதைத் தவிர யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. ஹேசலுக்குக் கண் கலங்கும் அளவுக்குப் பிடித்திருந்தது. அடித்துப் பேசினாள், கெஞ்சினாள், திட்டினாள். பலனில்லை.

"சரி," என்றான் லயனல். "இன்னொரு தடவை கேட்கணும்னு யாருக்கு ஆசை?"

ஹேசல் கையைத் தூக்கினாள். அவளுடையதைத் தவிர வேறு கை எழவில்லை. லயனல் அறையைச் சுற்றி விரலை நிதானமாக நகர்த்திக்கொண்டு வந்து, அவள் கைக்கு நேராக நிறுத்தினான்.

"ஒண்ணு," என்று உரக்க எண்ணினான். "எதிர்த்து அஞ்சு. தோத்துட்ட, ஹேசல். நல்லடக்கம்."

"காது செத்தவனுங்களா!" என்றாள் அவள். சிரிப்பை அடக்க முடியாமல் தட்டை உறையில் போட்டாள்.