கருவாட்டுப் புகார்

நானும் பெரியப்பா மகள் சின்னவளும் இன்று உயிரோடு இருக்கிறோம் என்றால், அதற்குக் காரணம் பெரியப்பா பக்கத்து வீட்டார்மேல் கொடுத்த ஓர் அநியாயமான புகார்.

நடந்தது ஐப்பசிக் கடைசி. எந்த வருஷம் என்பதில் வீட்டில் இன்னும் தகராறு உண்டு. சின்னவளுக்கு முன்பல் விழுந்த வருஷம் என்பார் பெரியம்மா; நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் என்பது என் கணக்கு. மாதத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. தீபாவளி லேகியம் ஜாடியில் மிச்சமிருந்தது, குறுவை நெல் கிடங்குக்கு வந்திருந்தது, மழை விட்டபாடில்லை.

பெரியப்பாவுக்கு நீடாமங்கலத்தில் நெல் வியாபாரம். லீவுக்கு நான் அங்கே போயிருந்தேன். வீட்டுக்கும் கிடங்குக்கும் நடுவில் ஒரே பழைய சுவர். எலி வளைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தச் சுவரோரத்தில்தான் எங்களுக்குப் பாய் விரிப்பார்கள். மழைக்கு இதமாக இருக்கும் என்று அந்த இடத்துக்கு எனக்கும் சின்னவளுக்கும் போட்டி வேறு.

அந்த வருஷம் நெல்லில் அந்துப்பூச்சி விழுந்தது. பெரியப்பா யாரோ தெரிந்தவர் மூலமாகப் பூச்சி மாத்திரை வாங்கி வந்து, தம் கையாலேயே மூட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கிடங்கை இறுக மூடினார். எல்லோரும் செய்வதைத் தானும் செய்தால் அது சட்டம் என்பது அவர் கொள்கை.

மறுநாளே வீட்டில் ஒரு நாற்றம். எங்களுடையது சைவக் குடும்பம். கருவாட்டைக் கிட்டத்தில் பார்த்தவர்கள்கூட எங்களில் கிடையாது. அதனால் மூக்கைச் சுளிக்க வைக்கும் எதுவும் எங்களுக்குக் கருவாடுதான். கொல்லைச் சுவருக்கு அந்தப்புறம் முத்துப்பேட்டையிலிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தார். ஆகவே விசாரணை ஏதும் தேவைப்படவில்லை.

பெரியப்பா சுவர்மேல் எட்டிப் பார்த்து, “என்னம்மா, நாங்க இங்க குடியிருக்கிறதா வேணாமா?” என்று கத்தினார்.

“எங்க வீட்ல இன்னைக்கு ரசமும் அப்பளமும்தாங்க ஐயா. நம்பலைன்னா தட்டோட வாங்க” என்றார் மீன்காரர் மனைவி.

“ரசத்துல என்னத்தப் போட்ட?”

“புளிதாங்க!”

அன்று ராத்திரி சின்னவளுக்கு வாந்தி. எனக்குத் தலைவலி. பெரியம்மா பலகாரத்தைக் குற்றம் சொல்லி ஆளுக்கொரு உருண்டை லேகியம் கொடுத்தார். பெரியப்பா நாற்றத்தைக் குற்றம் சொன்னார். இருவரில் அவர் சொன்னதே உண்மை. விடிந்ததும் அதே வேகத்தோடு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பக்கத்து வீட்டார்மேல் புகார் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று பிற்பகலே சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். மழைக்கோட்டுப் போட்ட ஒரு அம்மா. முதலில் மீன்காரர் வீட்டுக்குப் போய் அடுப்படியைப் பார்த்தார். பெரியப்பா ஜெயித்தவர் முகத்தோடு சுவரோரம் நின்றார். பிறகு எங்கள் கொல்லைக்கு வந்தவர், கிணற்றடி தாண்டியதும் நின்றுவிட்டார்.

“ஐயா, நான் மீன் சாப்பிடுறவதான். இது கருவாடு இல்லைங்க. உங்க பக்கம் வர வரத்தான் ஜாஸ்தியா இருக்கு. குடோன்ல என்ன வச்சிருக்கீங்க?”

“நெல்லு.”

“நெல்லுக்கு?”

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். “மாத்திரைதாங்க. எல்லாரும் வைக்கிறதுதானே.”

“வீட்டுச் சுவரை ஒட்டியா? புள்ளைங்க எங்க படுக்குது?”

என்னைக் கேட்டதாக நினைத்து ஓடிப்போய்ச் சுவரோரத்துப் பாயைக் காட்டினேன். சின்னவள் அதில் சுருண்டு கிடந்தாள். அந்த அம்மா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். “எல்லாரும் வெளிய வாங்க! எதையும் எடுக்காதீங்க!” பெரியப்பாவுக்குப் பதிலாக என்னைக் கைது செய்கிறார்கள் என்று எண்ணி, “மாத்திரை வச்சது நான் இல்லைங்க” என்று அலறினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக மழையில் வண்டி ஒன்றும் கிடைக்கவில்லை. மீன்காரரின் லோடு ஆட்டோதான் வந்தது. ஐஸ் பெட்டிமேல் பெரியப்பா உட்கார்ந்தார். உண்மையான மீன் வாசனை அவருக்கு அன்றுதான் அறிமுகமாயிற்று.

மாத்திரையிலிருந்து கிளம்பிய விஷவாயு எலி வளை வழியே வந்திருக்கிறது, இன்னும் ஒரு ராத்திரி அந்த வீட்டில் படுத்திருந்தால் சொல்ல முடியாது என்றாராம் மன்னார்குடி ஆஸ்பத்திரி டாக்டர். சின்னவள் தேறி வரச் சில நாளாயிற்று. கிடங்குக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார்கள். குடியிருப்புச் சுவரை ஒட்டி மருந்து வைக்கக் கூடாது, உரிமம் உள்ளவர்கள்தான் வைக்க வேண்டும், வாசலில் எச்சரிக்கைப் பலகை தொங்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போட்ட பிறகே மறுபடி தொழில் உரிமம் கொடுத்தார்கள். பெரியப்பா ஊருக்கு வெளியே கிடங்கு பிடித்தார். பேரூராட்சி தன்னை ஒழித்துக்கட்டப் பார்ப்பதாக வெகுகாலம் திட்டினார். ஆனால் எந்த வியாபாரி வீட்டுக்குப் போனாலும், காபி வருவதற்குள், “உங்களுக்கும் குடோனுக்கும் நடுச்சுவர் ஒண்ணுதானா?” என்று கேட்டுவிடுவார்.

அந்த அம்மா தை பிறப்பதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரியம்மா இன்றும் தீபாவளிக்கு லேகியம் கிளறினால், “இது அந்தம்மாவுக்கு” என்று முதல் உருண்டையைத் தனியே எடுத்து வைக்கிறார். இரண்டாவது உருண்டை கொல்லைச் சுவர் தாண்டி மீன்காரர் வீட்டுக்குப் போகிறது.

மன்னார்குடி போன வழி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சின்னவள் அந்த அம்மாவின் மடியில் கிடந்தாள். என் மணிக்கட்டை அவர் விடவேயில்லை. என் கண் சொருகும்போதெல்லாம் உலுக்கி, “வாய்ப்பாடு சொல்லு தம்பி, நிறுத்தாத” என்றார். பள்ளிக்கூடத்தையும் இவர்தான் சோதிப்பார் போலிருக்கிறது என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் எல்லாம் குழம்பி, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் திருத்தவில்லை. “சரி, சரி, மேல சொல்லு” என்றார்.

இவ்வளவு பெரிய இன்ஸ்பெக்டருக்குப் பதிமூன்றாம் வாய்ப்பாடு தெரியவில்லையே என்று எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது.