மூன்று முறை படுத்த ஹீற்றர்

எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. மொன்ட்ரியாலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடி வீடு, நவம்பரில் பூட்டிய ஜன்னலை ஏப்ரலில்தான் திறக்கலாம். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனதும், உள்ளே படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள பழைய வான் ஒன்றை வாங்கினேன். பனிக்காலத்தில் கிழக்கே கஸ்பே முனை வரை போய், கரையில் வானை நிறுத்திக் கடலைப் பார்க்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

"உமக்குக் காலிலை சில்லு," என்றார் கணவர். அவர் சோபாவோடு பிறந்தவர்.

குளிருக்கு என்ன செய்வது? காஸ் ஹீற்றர் வேண்டாம், சிலிண்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு எனக்கு நித்திரை வராது. டீசலில் எரிவதைத் தெரிந்தெடுத்தேன். புகை வெளியே போய்விடும், சூடு மட்டும் உள்ளே வரும். புகை கசிந்தால் கத்துகிற அலாரம் ஒன்றையும் கட்டிலருகே பொருத்தினேன். ஹீற்றரை வாரம் ஒருமுறை ஓடவிடும்படி விற்றவன் சொல்லியிருந்தான், வானை வீட்டுப் பின்ஒழுங்கையில் நிறுத்தி ஒழுங்காக ஓடவிட்டேன்.

ஒரே பனிக்காலத்தில் ஹீற்றர் மூன்று முறை பழுதாகிப் படுத்துவிட்டது, அதுவும் சரியாகப் புறப்படுகிற வாரத்தில். இரண்டு முறை யார் யாரோ கழற்றித் துடைத்துப் பூட்டித் தந்தார்கள், காரணம் சொல்லவில்லை. விற்றவனைத் திட்டினேன். டீசலைத் திட்டினேன். கடைசியில் கணவரிடம், "உங்கடை கண்ணூறுதான்," என்றேன். அவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார்.

மூன்றாம் முறை மொன்ட்ரியால்-நோரில் திருகோணமலைக்கார மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். கழற்றிக் காட்டினார். எண்ணெய் எரிகிற இடம் முழுக்கக் கரி.

"அக்கா, ஹீற்றரை நிப்பாட்டின கையோடை வானின்ரை மெயின் சுவிட்சையும் அமத்துறனீங்களோ?"

"ஓம். பின்னை, பற்றரி இறங்காதே?"

"அதுதான் பிழை. நிப்பாட்டினாப் பிறகும் ஐஞ்சு நிமிஷம் காத்தாடி ஓடி, மிஞ்சின எண்ணெய் எரிஞ்சு, ஆறவேணும். இல்லாட்டி இப்பிடிக் கரி பிடிக்கும்."

எதை அணைத்தாலும் சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்று வளர்ந்த கை இது. ஐந்து நிமிடம் சும்மா நிற்கிற பொறுமையும் எனக்குக் கிடையாது.

வீட்டுக்கு வந்து வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கணவரிடம் சொன்னேன். "பிழை என்ரை. மெயின் சுவிட்சை நான்தான் உடனை அமத்திப்போடுறனான். உங்களைச் சும்மா பேசிப்போட்டன்."

அவர் டிவியை நிறுத்தினார். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஹீற்றரோடை வந்த புத்தகத்திலை கிடந்தது. முதல்தரம் பழுதாகேக்கையே வாசிச்சனான்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"அது வேலை செய்தால் நீர் போயிடுவீர். நீங்களும் வாங்கோ எண்டு என்னை ஒருநாளும் கேக்கேல்லையே."

நன்றாகத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. அந்த வானுக்கென்று நான் வாங்கி வைத்திருந்தது ஒரு தலையணை, ஒரு போர்வை, ஒரு கோப்பை.