காமாலை என்று சொன்னோம்

தம்பிக்குக் காமாலை என்று பொய் சொன்னது நான்தான். வியர்வை, வாந்தி, எழுந்து நிற்க முடியாத அசதி எல்லாவற்றுக்கும் அது பொருத்தமாக இருந்தது. தேயிலை பேக்டரியில் மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டவனுக்கு டவுன் மருந்துக்கடையில் வலி மாத்திரை கொடுத்தார்கள். வலி போயிற்று, மாத்திரை போகவில்லை. ஒன்று நான்காகி, நான்கு பத்தாகி, அது இல்லாவிட்டால் உடம்பு உதறும் நிலைக்கு வந்துவிட்டான்.

வெளியே தெரிந்தால் வேலை போகும், லயத்து வரிசையில் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும். சிலோனிலிருந்து வந்த அப்பா அம்மா எங்களுக்கு விட்டுப்போனது அந்த ஓர் அறையைத்தான். அதனால் எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் காமாலை என்றேன். மகராசன், தம்பியின் கண்ணைக்கூடப் பார்க்காமல் லீவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து லயமே வைத்தியம் பார்த்தது. அடுத்த வீட்டு அக்கா தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்து, அவன் குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்து நிற்பார். உப்பில்லாக் கஞ்சி வேறு. இல்லாத நோய்க்குப் பத்தியம் இருந்தவன் உலகத்திலேயே இவன் ஒருவன்தான் என்று கேலி செய்வேன். பிறகு அவன் சுருண்டு கிடப்பதைப் பார்த்து அழுவேன்.

எங்களுக்குத் தெரிந்து இந்தப் பழக்கத்துக்கு மருந்து கொடுக்கும் இடம் கோயம்புத்தூரில்தான் இருந்தது. முதல் பஸ் பிடித்து, ஊட்டியில் மாறி, போய்ச் சேர மதியமாகிவிட்டது. எங்களுக்கு முன்னால் இருந்தவர் ஸ்கூட்டர் சாவியை ஆட்டியபடி அன்றைய மருந்தை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார். நல்லா இருக்கட்டும். ஆனால் விடியுமுன் கிளம்பி வந்த எனக்கு வயிறு எரிந்தது.

வேறு ஏதாவது நோய் உண்டா என்று டாக்டர் கேட்டார். தம்பி நல்ல பிள்ளையாக லீவுச் சீட்டின் நகலை எடுத்து நீட்டினான்.

"காமாலைன்னு இருக்கே? ஈரலைப் பாக்காம இந்த மருந்தைத் தர முடியாதும்மா."

"அது பொய்ங்க டாக்டர். லீவுக்காகச் சொன்னதுங்க."

"நான் எதை நம்பறது? ரத்தம் குடுத்துட்டுப் போங்க. ரிசல்ட் வந்ததும் அடுத்த வாரம் பாக்கலாம்."

புது ஆட்களைப் பார்ப்பது வாரத்தில் அந்த ஒரு நாள்தான். மாத்திரை இல்லாமல் அடுத்த வாரம் வரை அவன் தாங்குவானா என்பதுதான் என் பயம். திரும்பும் வழியெல்லாம் அவனையும் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன். மறுநாள் காலை அவன் தரையில் புரண்டுகொண்டிருந்தபோது அக்கா மோரோடு வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"காமாலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்லக்கா! மாத்திரைக்கு அடிமையாயிட்டான். நேத்து கோயம்புத்தூர் போனதும் அதுக்கு மருந்து வாங்கத்தான். போதுமா?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புள்ள, அடுத்த தடவ எம் மவனையும் கூட்டிட்டுப் போறியா?"

அவருடைய மகனுக்கு வலிப்பு என்றுதான் லயத்தில் எல்லோரும் நம்பியிருந்தோம். அதுவும் மாத்திரைதான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறார், இந்தப் பக்கம் நான். எவ்வளவு மடச்சி நான் என்று தோன்றியது. அந்த வாரம் நானும் அக்காவும் இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டு, மாற்றி மாற்றிக் காவல் இருந்தோம்.

அடுத்த வாரம் நால்வரும் போனோம். தம்பியின் ரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை. டாக்டர் தம்பியின் நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்து, கரையும்வரை பேசக்கூடாது என்றார். பிறகு அக்காவின் மகனிடம் திரும்பி, எத்தனை நாளாக என்று கேட்டார்.

"ரெண்டு வருசமுங்க."

"இத்தனை நாள் ஏம்ப்பா வரல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்கள மாதிரி எஸ்டேட் ஆளுங்க இங்கெல்லாம் வரலாம்னு தெரியாதுங்க."

தம்பியால் பேச முடியவில்லை. அவன் கையை எட்டிப் பிடித்துக்கொண்டான்.