கயித்தக்கா தள்ளிக் கட்டிய கயிறு

அந்தக் கடற்கரையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுக்குப் பெயர் மாறிவிட்டது. வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளியிலிருந்து துடுப்புப் படகு வாடகைக்கு விடுகிறவர் வரை எல்லாருக்கும் அவள் கயித்தக்கா. தோளில் எப்போதும் ஒரு சுருள் மஞ்சள் கயிறு, இடுப்பில் சுத்தியல், கையில் நாலைந்து இரும்பு முளைகள்.

பாதுகாக்கப்பட்ட கரை அது. நீந்தலாம், நடக்கலாம், படகு விடலாம், அலைப்பலகையில் ஏறி விழலாம். சிப்பி பொறுக்கக் கூடாது, நாயை அவிழ்த்துவிடக் கூடாது, கயிற்றைத் தாண்டக் கூடாது. கயிறு ஒரு சின்னப் பறவைக்காக. மணல் நிறத்தில், கைக்குள் அடங்குகிற அளவில் இருக்கும். அது கட்டுவதைக் கூடு என்று சொன்னால் மற்ற பறவைகள் சிரிக்கும். மணலில் மார்பை அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றும், அவ்வளவுதான் வீடு. அதில் இடும் முட்டைகளும் மணல் நிறம். காலடியில் இருந்தாலும் தெரியாது.

விடுமுறை நாட்களில் நானும் அங்கே நடக்கப் போவேன். எதையாவது மிதித்துவிடுவேனோ என்று குனிந்தபடியே நடப்பதை அவள் சில வாரங்கள் பார்த்துக்கொண்டிருந்தாள் போல. ஒருநாள் கூப்பிட்டாள்.

“எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?”

“இல்லை, முட்டை...”

“தலைய நிமிர்த்தி நடங்க. கயித்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும் நீங்க யாரையும் கொல்ல மாட்டீங்க. கடல் அந்தப் பக்கம் இருக்கு. வந்ததுக்கு அதையும் ஒரு கண்ணு பாத்துட்டுப் போங்க.”

அப்படித்தான் பழக்கம். அவள் வீட்டுக் கதையும் அப்படி நடந்துகொண்டே கேட்டதுதான்.

கூட்டிலிருந்து பதினைந்து அடி தள்ளிக் கயிறு கட்டினால் போதும் என்பது விதி. அவள் இருபத்தைந்து அடி தள்ளிக் கட்டுவாள். போன வருடம் விதிப்படி கட்டிய ஒரு கூட்டைப் படம் எடுக்கச் சிலர் கயிற்றின்மேல் சாய்ந்துகொண்டே நின்றார்கள். யாரும் தாண்டவில்லை, யார்மேலும் தப்பில்லை. பறவை மட்டும் திரும்பி வரவில்லை. முட்டைகள் வெயிலில் வெந்தன. மேலதிகாரி, “ஏம்மா, கரையையே கட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகப் போறியா?” என்று கேட்டபோது அவள் சொன்ன பதில் அங்கே இன்றும் பிரபலம்: “விதி பறவையக் கேட்டு எழுதினது இல்ல சார்.”

அவளுடைய அப்பா லாரி ஓட்டியவர். கடலோரச் சாலையில்தான் வாழ்நாள் முழுக்கச் சரக்கு ஏற்றிப் போயிருக்கிறார். ஒருபுறம் எப்போதும் கடல். ஒருநாளும் இறங்கியதில்லை. ‘சரக்கோட எங்க நிறுத்துறது?’ என்பாராம். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பித்து நாக்கில் நின்றுவிட்டது: “போடா.” டாக்டருக்கும் போடா, மகளுக்கும் போடா, சோறு பிசைந்து ஊட்டினாலும் போடா. நகரத்தில், நாலாவது மாடியில், தங்கச்சி வீட்டில் இருந்தார். தொலைக்காட்சியில் கடல் வந்தால் மட்டும் இடது கையால் நாற்காலியைத் தட்டுவார்.

“அவருக்குக் காலை நனைக்கணும்டி. நீ கூட்டிட்டு மட்டும் வா. தண்ணிக்குள்ள இறக்குறது என் பொறுப்பு. நானே தள்ளிட்டுப் போறேன்,” என்று கயித்தக்கா தங்கச்சிக்கு வாக்குக் கொடுத்தாள்.

மரவேலை செய்கிற தங்கச்சி புருஷனுக்கு முதலாளி வேன் கொடுப்பது அபூர்வம். அப்பாவுக்கும் மாதத்துக்கு மாதம் தெம்பு குறைந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கூடி வந்தது. அலுவலகத்தில் இருந்த பலூன் சக்கர நாற்காலியை அவள் துடைத்து, காற்றடித்து வைத்தாள். மணலில் உருளும், தண்ணீரில் நிற்கும். ஆனால் அது இறங்க ஒரே வழிதான்: மணல்மேட்டைத் தாண்டிப் போகும் பலகை நடைபாதை. மற்ற பக்கமெல்லாம் பாறை.

சனிக்கிழமை மாலை, அந்த நடைபாதை மணலில் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், புத்தம்புது முட்டைகள்.

அவள் வழக்கம்போல் இருபத்தைந்து அடி தள்ளிக் கட்டினாள். நடைபாதை அடைந்துபோனது. தங்கச்சிக்குச் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாள்; இந்தத் தடவை வராவிட்டால் இன்னொரு தடவை உண்டோ இல்லையோ.

மறுநாள் நானும் அங்கே இருந்தேன். நடைபாதை முனையில் தங்கச்சி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“என்னக்கா இது?”

“நேத்துதான்டி போட்டுது. நான் என்ன பண்ண?”

“நேத்தே தெரியுமா? தெரிஞ்சும் சொல்லாம நாலு மாடி இறக்கி, இவ்வளவு தூரம் வர வெச்சியா? பறவை பின்னால நிக்கிற, பெத்தவர் பின்னால நிக்க மாட்டியா?”

மாப்பிள்ளை இதற்குள் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு, கண்ணைச் சுருக்கிக் கயிற்றைப் பார்த்தார். பலகை அறுக்கிறவர் கண்.

“அண்ணி, பதினஞ்சு அடின்னு போட்டிருக்கு. நீங்க கட்டினது அதுக்கு மேல பத்தடி இருக்கும். விதிப்படி கட்டினா நாற்காலி போற அளவுக்கு வழி இருக்கு.”

“இருக்கு தம்பி.”

“அப்போ?”

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. மேட்டுக்கு அப்பால் தெரிந்த நீலத்தைப் பார்த்தபடி நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

குனிந்து ஒரு முளையைப் பிடுங்கினாள். அதைப் பதினைந்தடியில் அடித்து இறக்கினாள். நாற்காலியின் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். பலகையிலிருந்து சக்கரம் மணலில் இறங்கியதும் பறவை எழுந்தது. சிறகு முறிந்ததுபோல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தூரப் போனது. முட்டையிலிருந்து ஆளை வேறு பக்கம் இழுக்கும் நடிப்பு அது. அப்பா அதைப் பார்த்து, “போடா,” என்றார்.

இரண்டு நிமிடம் போயிருந்தால் நாற்காலி கூட்டைக் கடந்திருக்கும், பறவையும் திரும்பியிருக்கும். ஆனால் வழி திறந்ததைக் கண்டு பின்னாலிருந்த கூட்டமும் இறங்கத் தொடங்கியது. அலைப்பலகையோடு ஒருவர், குடையோடு ஒரு குடும்பம், அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு கைப்பிடியை விட்டாள்.

“தம்பி, நீங்க தள்ளுங்க. நேரா போங்க. திரும்பி இந்த வழியா வராதீங்க, பாறைப் பக்கமா தூக்கிட்டு வந்துடுங்க. அதை இன்னொரு தடவை எழுப்ப முடியாது.”

“நீ வரலையா?” என்றாள் தங்கச்சி.

“போடி, போ. அவர் காலுக்குச் செருப்பு வேணாம்.”

கயிற்றை இழுத்துக் கையில் பிடித்து நடைபாதைக்குக் குறுக்கே நின்றாள். அலைப்பலகைக்காரர் விடவில்லை. “இதென்ன நியாயம்? உங்க அப்பான்னா கயிறு நகரும், எங்களுக்குன்னா நகராதா?”

“ஆமா சார். எங்க அப்பாதான். நியாயம் இல்லதான். புகார் எழுதிக் கொடுங்க, நீங்க எழுதினது சரின்னு நானே கையெழுத்துப் போடுறேன். ஆனா இப்போ எல்லாரும் மேட்டுக்கு அந்தப் பக்கம் போகணும். நாம நிக்கிற வரைக்கும் அது உக்காராது.”

அந்த ஒப்புதலுக்குப் பிறகு அவருக்குச் சண்டை போட ஒன்றும் மிஞ்சவில்லை. முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்கள். அவளும் கயிற்றைப் பழைய இடத்தில் கட்டிவிட்டு எங்களோடு மேட்டுக்குப் பின்னால் வந்தாள். அங்கிருந்து கடல் தெரியாது. சத்தம் மட்டும் வரும். தொலைநோக்கியை மேட்டின் விளிம்பில் வைத்துக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாய்ந்தால் இடது பக்கம் அப்பா தெரிந்திருக்கலாம். சாய்ந்தால் பறவைக்கும் இவள் தெரிவாள். அவள் சாயவில்லை.

நெடுநேரம் கழித்து, “உக்காந்துட்டா,” என்றாள். தனக்குத்தானே சொன்னதுபோல்.

பாறைப் பக்கம் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை தலைமாட்டையும், முறைத்துக்கொண்டே பாறை வழியாகக் கடலுக்கு இறங்கியிருந்த அதே அலைப்பலகைக்காரர் கால்மாட்டையும் பிடித்து அப்பாவைத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பாறைக்கும் ஒரு போடா. அலைப்பலகைக்காரர், “சரிங்கய்யா, சரிங்கய்யா,” என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தார். புகார் கொடுக்கும் எண்ணம் எங்கோ வழியில் விழுந்துவிட்டது போல.

அப்பாவை வேன் படியில் உட்கார வைத்தார்கள். இடுப்பு வரை ஈரம்.

“காலைத்தானே நனைக்கச் சொன்னேன்? எவ்வளவு ஆழம்டி கொண்டுபோனீங்க?”

“நாங்க எங்க கொண்டுபோனோம்? அந்த நாற்காலி மிதக்குதுக்கா! அலை வந்து தூக்கிட்டுப் போகுது, அப்பா ஒரு கையால துடுப்புப் போடுறார். இவரு நாற்காலியப் பிடிச்சுத் தொங்கிட்டு வர்றாரு. எல்லாம் போன்ல எடுத்திருக்கேன், பாரு.”

பார்த்தாள். பாதிப் படம் தங்கச்சியின் விரல். மீதி வானம். நடுவில் ஒருமுறை மாப்பிள்ளையின் முதுகு.

“அப்பா எங்கடி?”

“சத்தம் கேக்குதுல்ல, அதுதான்.”

அலைக்கு நடுவே கரகரவென்று ஒரு சிரிப்பு. நோய் வந்தபிறகு அந்த வீட்டில் யாரும் கேட்டிராத சிரிப்பு. அவள் போனைக் காதோடு வைத்து இன்னொரு தடவை கேட்டாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்பாவின் முன்னால் மண்டியிட்டு அவருடைய கால்சட்டை விளிம்பைப் பிழியத் தொடங்கினாள். விரல்களுக்கிடையே கடல் வழிந்தது.

“அடுத்த தடவை நீதான் தள்ளணும்,” என்றாள் தங்கச்சி, சண்டைக் குரல் இன்னும் முழுதாக இறங்காமல். “எங்க முட்டை போடப் போகுதுன்னு முன்னாடியே கேட்டு வை.”

“கேட்டா சொல்லிடுமா? அதுவும் நம்ம குடும்பம் மாதிரிதான்டி,” என்றபடி அடுத்த காலுக்கு நகர்ந்தாள்.