கைகாட்டினால் நிற்கும் சேட்டிலைட்

பாலக்கோட்டுக்குக் கிழக்கே ஒரு ஏக்கர் தக்காளி, ஒரு கிணறு, விவசாயிகளுக்கான இலவச மின்சாரத்தில் ஓடும் ஒரு மோட்டார், எதைப் பற்றியும் ஒரு தீர்ப்பு. கிருஷ்ணப்பனின் ஐம்பத்து மூன்று வருடச் சம்பாத்தியம் இவ்வளவுதான். முதல் மூன்றையும் மனைவி பாஞ்சாலி பார்த்துக்கொண்டாள். நான்காவதை அவர் டீக்கடையில் வைத்துப் பராமரித்து வந்தார்.

அரசாங்கத்தின் சேட்டிலைட்டுகளைத் தனியார் கம்பெனிக்கே கொடுத்துவிடப் போவதாகப் பேப்பரில் வந்த அன்று, கடையில் முதல் தீர்ப்பு அவருடையது.

“நல்ல காரியம். கவர்மெண்டு பஸ்ஸு கைகாட்டினா நிக்குதா? பிரைவேட்டு பஸ்ஸுக்காரன் வூட்டு வாசல்லயே நின்னு ஏத்திக்கிட்டுப் போறான். சேட்டிலைட்டும் இனி அப்படித்தான்.”

எதிர் பெஞ்சில் இருந்த முருகேஷ், அரசு பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சுருக்கென்றது. “மலைக்கு மேல நாலே பேருக்காக வண்டி உட்டது யாரு, உன் பிரைவேட்டா?” என்றார். கடை சிரித்தது கிருஷ்ணப்பன் பக்கம்தான். நியாயத்தைவிட நக்கலுக்கு அங்கே மதிப்பு அதிகம்.

ஆறு மாதம் கழித்து, கரண்ட் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. அவருடைய நிலத்தில் ஒரு ஏக்கர் பரப்புக்குத் தகரக் கொட்டகை இருப்பது சேட்டிலைட் படத்தில் தெரிகிறதாம். விவசாயம் இல்லாத இடத்துக்கு இலவச மின்சாரம் கிடையாது. பதினைந்து நாளில் இணைப்பு துண்டிக்கப்படும்.

கொட்டகையாவது மண்ணாவது! களை முளைக்காமலிருக்கத் தக்காளிப் பாத்திமேல் விரித்த வெள்ளி நிற பிளாஸ்டிக் ஷீட்தான் வானத்திலிருந்து பார்த்தவனுக்குத் தகரமாக மின்னியிருக்கிறது. செடி பூவெடுக்கும் நேரம். மோட்டார் நின்றால் பத்து நாள் தாங்காது.

“சார், கூப்பிடு தூரந்தானுங்க. ஒரு எட்டு வந்து பாத்துடுங்க,” என்று ஆபீஸரிடம் கெஞ்சினார்.

“நான் பாத்தா அது என் கண்ணுங்க. ரெக்கார்டுக்கு சேட்டிலைட் பாக்கணும். அது இப்ப கம்பெனி சொத்து. அங்க கேளுங்க.”

கம்பெனிக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் பாட்டு கேட்டபிறகு ஒரு பெண் இனிக்க இனிக்கப் பேசினாள். “சேட்டிலைட் எங்களோடதுதான் சார். ஆனா எடுத்த படம் கவர்மெண்டோடது. அதுல கைவைக்க எங்களுக்கு ரைட்ஸ் இல்ல. சேட்டிலைட் வாராவாரம் வியாழக்கிழமை காலைல பத்தரைக்கு உங்க நிலத்துக்கு மேல வரும். அடுத்த தடவைக்குள்ள நிலத்தைச் சரிபண்ணிக்கோங்க.”

செடியைப் பிடுங்காமல் ஷீட்டை எடுக்க முடியாது. கிருஷ்ணப்பன் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மின்னுவதுதானே குற்றம்? ஊரிலுள்ள மாட்டுக் கொட்டகைகளிலெல்லாம் சாணி கேட்டு வாங்கிக் கரைத்து, வாசல் மெழுகுவது போல ஒரு ஏக்கர் பிளாஸ்டிக்கையும் புருஷனும் பெண்டாட்டியும் மெழுகினார்கள். மூன்று நாள் குனிந்ததில் பாஞ்சாலிக்கு இடுப்பு நிமிரவில்லை. வியாழக்கிழமை, படம் எடுக்கிறார்களே என்று, கிருஷ்ணப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரப்பில் நின்றார்.

திருத்திய நோட்டீஸ் வந்தது. ‘தகரக் கொட்டகை’ என்பதை அடித்துவிட்டு, ‘துருப்பிடித்த தகரக் கொட்டகை’ என்று போட்டிருந்தார்கள். தேதி மட்டும் மாறவில்லை.

கெடு முடிந்த நாளும் வியாழக்கிழமையாகவே அமைந்தது. லைன்மேன் பிரபாகர் வந்து சுற்றுமுற்றும் பார்த்தான்.

“கொட்டாய் எங்கங்கண்ணா?”

“நீ நிக்கிறியே, அதுக்குள்ளதான்.”

பிரபாகர் காலடியில் பார்த்தான். மஞ்சள் மஞ்சளாகப் பூ. அவன் முகம் சுண்டிப்போயிற்று. இருந்தாலும் கம்பத்தில் ஏறி வயரைக் கழற்றினான். அவனுக்கும் மேலே ஆபீஸர் இருக்கிறார். மோட்டார் சத்தம் அடங்கியதும் கிருஷ்ணப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாஞ்சாலி இடுப்பைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தாள்.

“மணி பத்தரை ஆவுதுங்க. உங்க வண்டி வர நேரம். கைய காட்டுங்க, நிக்கும்.”

நக்கல் என்று தெரிந்தும் கிருஷ்ணப்பன் கையைத் தூக்கினார். கை கடுக்கும்வரை இறக்கவில்லை.