இதாலினாவின் மத்தி மீன் பை

லிஸ்பனில் கிராசா மேட்டில் ஐம்பது வருடமாகக் குடியிருக்கும் இதாலினாவுக்கு, சந்தையிலிருந்து வீடு திரும்ப டிராமை விட்டால் வேறு வழியில்லை. முழங்கால் தேய்ந்துவிட்டது, அந்த மேட்டில் நடந்து ஏற முடியாது. டிராமிலோ, எங்கள் ஊரின் அசல் வாழ்க்கையைப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் அடைந்துகிடப்பார்கள். அவள் கொடியில் காயும் உள்பாவாடையைக்கூடப் படம் பிடிப்பார்கள்; எழுந்து இடம் மட்டும் தரமாட்டார்கள்.

அன்று இரண்டு டிராம்கள் அவளை ஏற்றாமலே போய்விட்டன. மூன்றாவது நான் ஓட்டி வந்தது.

“கால் வைக்க இடமில்லக்கா,” என்றேன்.

“நீ கதவைத் தொற தம்பி. இடத்தை நான் பாத்துக்கறேன்.”

ஏறியதும் கையிலிருந்த பையின் வாயை அவிழ்த்தாள். அவளோடு ஒரு மணி நேரம் வெயிலில் காத்து நின்ற மத்தி மீன். முன் இருக்கைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள். அவள் ஜன்னலோரம் சாவகாசமாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒருவன் மட்டும் ஒரு கையால் மூக்கைப் பிடித்தபடி, மறு கையால் அவளைப் படம் எடுத்தான்.

“எடுத்துக்க ராசா,” என்றாள் இதாலினா. “ஊருக்குப் போய்க் காட்டு. நாத்தம்தான் அதுல வராது.”