மீட்டர் சித்தியின் ஐந்து வோல்ட்

மீட்டர் சித்தி எந்த யு.எஸ்.பி. கேபிளையும் நம்பிச் செருகுவதில்லை. முதலில் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்ப்பார்; உள்ளே கம்பி முழுசாக இருந்தால் அது கூவும். கேபிளுக்குள் நாலு கம்பி. இரண்டில் கரண்ட் போகும், இரண்டில் தகவல் போகும். பாதிக் கேபிள்களில் தகவல் கம்பியே இருக்காது. "வயித்துக்கு மட்டும் போடுது, காதுல ஒண்ணும் ஓத மாட்டேங்குது" என்று முனகியபடி அதைத் தனி டப்பாவில் எறிவார்.

'மீட்டர் சித்தி' என்பது அக்கா பிள்ளைகள் வைத்த பெயர். லிஃப்ட் கன்ட்ரோல் போர்டுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் அவருக்கு முப்பது வருட வேலை. இப்போது கிடைக்காத சிப்புகளுக்குப் பதிலாக எஃப்.பி.ஜி.ஏ. போர்டு ஒன்றை வைப்பார். கணினியிலிருந்து எந்தச் சர்க்யூட்டை ஏற்றினாலும் அதுவாகவே மாறிவிடும் சிப் அதில் இருக்கிறது. உள்ளங்கை அகலப் போர்டு. கரண்டும் ப்ரோகிராமும் ஒரே கேபிளில் போய்விடும். ஆனாலும் செருகும் நேரத்தில் சித்தி மூச்சை அடக்கிக்கொள்வார். "அஞ்சு வோல்ட்டுதான். அதுக்கு மேல ஒரு சொட்டு போனாலும் போச்சு."

அந்தப் பயம் பன்னிரண்டு வயதில் வந்தது. அக்கா வெளியே போயிருந்த ஒரு மதியம், அவருடைய கீபோர்டை வாசித்துப் பார்க்கும் ஆசையில், அதிக வோல்ட் தரும் ரேடியோ அடாப்டரை எடுத்து அதில் செருகிவிட்டார். 'டப்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் கருகல் வாசனை. அக்கா வந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பழைய புடவையில் சுற்றிப் பரண்மேல் போட்டவர், அதற்குப் பிறகு எதையுமே வாசிக்கவில்லை.

போன வருடம் அக்கா வீடு மாறியபோது அந்த மூட்டை சித்தியின் கைக்கு வந்தது. கட்டைகளெல்லாம் நன்றாகவே இருந்தன; சிப்தான் செத்திருந்தது. கூடவே அக்கா அதில் வாசித்துப் பதிவுசெய்த கேசட் ஒன்றும் கிடைத்தது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஞாயிறுதோறும் உட்கார்ந்து, அந்தச் சிப் செய்த வேலையை, அதன் இடத்தில் வைத்த எஃப்.பி.ஜி.ஏ. போர்டுக்கு ப்ரோகிராமாக எழுதினார். பழைய ஓசை அப்படியே எழுந்த காலையில், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் பிடுங்கி அள்ளிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினார். சாப்பாட்டு மேசைமேல் வைத்து, சார்ஜரில் செருகினார். போர்டில் விளக்கு எரிந்தது. கட்டையை அழுத்தினால் பேச்சுமூச்சில்லை. ப்ரோகிராமை நிரந்தர நினைவில் எழுத மறந்திருந்தார். கரண்ட் போனதும் போர்டு எல்லாவற்றையும் மறந்துவிட்டது.

"மறுபடியும் எரிச்சுட்டியாடி?" என்றார் அக்கா.

சித்தியின் முகம் செத்துப்போனது. "இல்லக்கா, எரியல. சொல்லிக்குடுத்தத மறந்துருச்சு. லேப்டாப் இருக்கு, தகவல் போற கேபிள்தான் கொண்டுவரல."

அக்கா இழுப்பறையை உருவித் தரையில் கவிழ்த்தார். கேபிள்கள் ஒரே பின்னலாக விழுந்தன. இருவரும் கால் நீட்டி உட்கார்ந்து சிக்கெடுத்தார்கள். அக்கா ஒவ்வொன்றாக நீட்ட, சித்தி மீட்டர் பார்த்தார். ஏழாவது கேபிளின் தகவல் கம்பியில் மீட்டர் கூவியது.

"அக்கா, அன்னைக்கே உங்கிட்ட..." என்று சித்தி ஆரம்பித்தார்.

"முதல்ல இத செருகு."

இம்முறை நிரந்தரமாகவே எழுதினார். கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினார். அக்கா மேசையோரப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு விரலால் தொட்டார். கீபோர்டு பாடியது. இன்னொரு விரல். பிறகு இரண்டு கைகளும்.

சித்தி சுவரோரம் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். வாசிப்பை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல், அக்கா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.